ரோமைப் பார்த்தவர் துனிசியாவுக்கும் போக வேண்டுமா?

வாசகர் கேள்வி: நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து துனிசியா செல்லலாம் என்று யோசிக்கிறோம். ரோமையும் பொம்பேயையும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. பயண நிறுவனம் தந்த நிரலில் கார்த்தேஜ், எல் ஜெம், டுக்கா என்று எல்லாமே ரோமானிய இடிபாடுகளாக இருக்கின்றன. இத்தாலியின் மலிவுப் பதிப்பைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? குழுவாகப் போய் வந்தவர்கள் சொல்லவும்.

9 நவம்பர் 2024

போகலாம். ஆனால் கார்த்தேஜை முதல் நாளில் பார்க்காதீர்கள்.

இவ்வாண்டு வசந்தத்தில் எங்கள் குழுவை விமான நிலையத்திலிருந்து அறைக்குக்கூட அழைத்துச் செல்லாமல் நேரே அங்கேதான் கொண்டுபோய் இறக்கினார்கள். தூக்கம் கலையாத கண்களோடு, கடலோரத்தில் இருக்கும் அந்தோனைன் குளியல் மண்டபத்தின் இடிபாடுகளுக்குள் நடந்தோம். ரோமப் பேரரசின் மிகப் பெரிய குளியல் மண்டபங்களுள் ஒன்று என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவையோ குட்டையான தூண்களும் தடித்த சுவர்களும்தான். நாங்கள் நின்றது அடித்தளம் என்பதும், கடல்மட்டத்தை ஒட்டிய நிலமாதலால் உலை அறைகளையும் பணியாளர் வழிகளையும் மண்ணுக்குள் அமைக்க முடியாமல் தரைத்தளத்திலேயே வைத்தார்கள் என்பதும், குளியல் கூடங்கள் யாவும் அதற்கு மேல்தளத்தில் இருந்தன என்பதும் பிறகுதான் புரிந்தன. பழைய உயரத்தைக் காட்டுவதற்காக ஒற்றைத் தூணை மட்டும் மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் அதிபர் மாளிகை இருப்பதால் அந்தத் திசையில் படம் எடுக்கக் கூடாது. "இதற்கா இவ்வளவு செலவு செய்தோம்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார், மறுத்துச் சொல்ல எவரிடமும் பதில் இல்லை.

பதில் அடுத்தடுத்த நாள்களில் வேறு ஊர்களில் கிடைத்தது. துனிஸ் பழைய நகரின் நடுவிலிருக்கும் ஸைத்தூனா மசூதியின் தூண்களில் பல கார்த்தேஜிலிருந்து எடுத்து வரப்பட்டவை. கைருவான் பெரிய மசூதியின் தூண்களிலும் அப்படி வந்தவை உண்டு. சிறு கல் துண்டுகள் பதித்த தரைச் சித்திரங்கள் துனிஸின் பார்தோ அருங்காட்சியகச் சுவர்களில் தொங்குகின்றன. பல நூற்றாண்டுகளாக ஒரு நாடே கல் எடுத்துக்கொண்ட இடம் கார்த்தேஜ். எவை எவை அங்கிருந்து வெளியேறின என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு அந்த வெற்று நிலத்தில் போய் நின்றால்தான் அதன் அளவு மனத்தில் ஏறும்.

அன்றே இரவு

கார்த்தேஜை ஏன் முதலில் வைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விமான நிலையம் அதற்கு அருகில் இருக்கிறது; வேறு தத்துவம் ஏதும் இல்லை. திரும்பும்போதும் பெரும்பாலும் அதே விமான நிலையத்துக்குத்தான் வருவீர்கள் என்பதால், கடைசி நாளுக்கு மாற்றித் தரும்படி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

11 நவம்பர் 2024

ரோமானியர் கார்த்தேஜை அழித்து நிலத்தில் உப்பை விதைத்ததால்தான் அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். பொ.ஆ.மு. 146இல் நகரம் எரிக்கப்பட்டதும், பிழைத்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டதும் உண்மை. உப்புக் கதையைப் பண்டைய எழுத்தாளர் ஒருவரும் சொல்லவில்லை. அது நவீன காலத்தில் நூல்களுக்குள் நுழைந்து பரவியது. சற்று யோசித்தாலே பொருந்தாது என்று தெரியும். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் சீசரும் அகஸ்டஸும் குடியேற்றம் அமைத்தார்கள். பின்னர் ரோமின் வயிற்றை நிரப்பிய கோதுமையின் பெரும்பங்கு இந்த மாகாணத்திலிருந்துதான் கப்பலேறியது. விளைநிலத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்கள் உணர்ச்சிவசப்பட்டவர்கள் அல்லர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரோமானியருக்கு முந்தைய, பியூனிக் எனப்படும் பழைய கார்த்தேஜின் மிஞ்சிய பகுதி ஒன்றைக் காப்பாற்றித் தந்தவர்களும் ரோமானியர்களே. கார்த்தேஜிலிருக்கும் பீர்சா குன்றின் உச்சியைச் சமன் செய்து மேடையாக்கியபோது, வெட்டியெடுத்த மண்ணையும் இடிபாடுகளையும் சரிவில் கொட்டினார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் ரோமை எதிர்த்த கார்த்தேஜ் தளபதி ஹானிபலின் காலத்தை ஒட்டிய தெரு ஒன்றும், வீடுகளும், தரைக்குக் கீழே மழைநீர்த் தொட்டிகளும் புதைந்து கிடந்தன. எங்கள் குழுவுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட நேரம் ஒரு படம் எடுக்கப் போதுமானதாக இருந்தது.

12 நவம்பர் 2024

கைருவானைப் பற்றி விரிவாகக் கேட்டவருக்கு.

அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபி 670இல் நிறுவிய ஊர் அது. இன்று நாம் காணும் மசூதி பெரும்பாலும் ஒன்பதாம் நூற்றாண்டில் அக்லபிய ஆட்சியாளர்கள் எழுப்பியது. முஸ்லிம் அல்லாதவர்கள் முற்றம் வரை செல்லலாம். தொழுகைக் கூடத்தை வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். நாங்கள் வாசலில் கூட்டமாக நின்று எட்டிப் பார்த்தோம். உள்ளே நூற்றுக்கணக்கான தூண்கள். வழிகாட்டி, அவற்றை எண்ண முயல்பவருக்குக் கண் போய்விடும் என்ற உள்ளூர் நம்பிக்கையைச் சொல்லிவிட்டு நகரப் பார்த்தார்.

அப்போது எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், "இந்தத் தூண்களில் ஒன்றுக்கொன்று உயரம் சேரவில்லையே, கவனித்தீர்களா?" என்றார். அதன் பிறகு வேறெதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு தூண் குட்டையாக இருக்கிறது. அதற்கு அடியில் உயரமான பீடம் வைத்திருக்கிறார்கள். அடுத்தது நெட்டை, அதற்குப் பீடம் மெல்லியது. தூணின் தலைப்புக்கும் வளைவுக்கும் இடையில் வேறு வேறு தடிமனில் கட்டைகள் கொடுத்து, வளைவுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் தொடங்கும்படி செய்திருக்கிறார்கள். பல நகரங்களின் பல கோயில்களுக்கும் மன்றங்களுக்கும் அளந்து செதுக்கிய தூண்கள் ஒரே கூரையைத் தாங்க வந்தால் கொத்தனாருக்கு என்ன தொல்லை வரும் என்பதை அவர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். பயணம் முழுவதிலும் நான் கேட்ட மிகச் சிறந்த விளக்கம் அதுதான். அது வழிகாட்டியிடமிருந்து வரவில்லை என்பதைக் குழுப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

முற்றமும் அவரைப் பிடித்துக்கொண்டது. தளம் முழுவதும் நடுவை நோக்கி மெல்லச் சரிகிறது. மழைநீர் ஒரு பளிங்குக் குழியை அடைந்து, படிப்படியாகச் செதுக்கிய கிண்ணங்களில் தங்கித் தூசியைக் கீழே விட்டு, பிறகு நிலத்தடித் தொட்டிக்குள் இறங்குகிறது. அருகிலிருக்கும் கிணற்று வாய்கள் பழைய தூண்களின் அடிப்பீடங்களைக் குடைந்து செய்யப்பட்டவை. கயிறு உரசி உரசி விளிம்பில் ஆழமான பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. ஆறு இல்லாத ஊர் எப்படி ஒரு தலைநகராக இருந்தது என்ற கேள்விக்கு அந்த முற்றமும், ஊரின் வடக்கே இருக்கும் அக்லபிய நீர்த்தேக்கங்களும் சேர்ந்து பதில் சொல்கின்றன.

தொழுகைக் கூடத்தின் உள்ளே ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த மிம்பர் என்னும் உரைமேடை இருக்கிறது. உலகில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. அதன் தேக்கு மரம் இந்தியாவிலிருந்து கடல் வழியாகச் சென்றது என்று கலை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வாசலிலிருந்து பார்த்தபோது எங்களுக்குத் தெரிந்தது அதன் கருநிழல் மட்டுமே.

பிறகு கம்பளக் கடை. மொட்டை மாடியிலிருந்து மசூதியின் அழகிய காட்சி கிடைக்கும் என்று அழைத்துச் சென்றார்கள். காட்சி கிடைத்தது. இறங்கும் படிகள் கம்பளங்கள் விரித்த கூடத்தின் வழியாக மட்டுமே செல்கின்றன. மசூதியில் கழித்ததைவிட அங்கே கூடுதல் நேரம் கழித்தோம்.

13 நவம்பர் 2024

ஒரே வரியில் பதில்: ஆம், நானும் ஒரு சிறிய கம்பளம் வாங்கினேன், விலையைக் கேட்காதீர்கள்.

15 நவம்பர் 2024

சைவ உணவு பற்றி. துனிசியர் சூரை மீனைக் கறிவேப்பிலை அளவுக்குத்தான் மதிக்கிறார்கள் போலும். எதிலும் மேலே தூவிவிடுகிறார்கள். சுட்ட மிளகாயும் தக்காளியும் பிசைந்த மெஷ்வியா என்னும் பதார்த்தத்தை 'காய்கறி மட்டும்' என்று சொல்லி வரவழைத்தாலும் அதன் மேல் மீனும் அவித்த முட்டையும் வந்து உட்காரும். ஒவ்வொரு வேளையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிக் என்ற பொரித்த மடிப்புக்குள் முட்டை இருக்கும். விடுதி உணவைவிட, தெருக்கடையில் காலையில் கிடைக்கும் லப்லபி எங்களில் பலருக்கும் பிடித்தது: பிய்த்துப் போட்ட பழைய ரொட்டியின் மேல் கொண்டைக்கடலைச் சாறு ஊற்றி, சீரகமும் ஹரிசா மிளகாய் விழுதும் சேர்ப்பார்கள். முட்டையும் மீனும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அது முழுச் சைவம்.

ஹரிசா 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். அதுவும் இந்த நாட்டில் வெளியிலிருந்து வந்து நிலைத்த பொருள்களில் ஒன்று. நமக்கும் அதே கதைதான் என்பதால் இதற்கு மேல் பெருமையடிக்க யாருக்கும் இடமில்லை.

17 நவம்பர் 2024

கேள்வி கேட்டவரின் மையக் கருத்துக்கு இப்போது வருகிறேன். "எல்லாமே ரோமானிய இடிபாடுகள்" என்பதை டுக்காவில் நின்று சொல்ல முடியாது.

மலைச்சரிவில் ஒலிவ மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரின் கோயில் 166–167இலும், ஏறத்தாழ 3,500 பேர் அமரக்கூடிய அரங்கம் அதற்குச் சற்றுப் பின்னரும் கட்டப்பட்டன. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர்கள் மார்சியஸ் என்ற உள்ளூர்க் குடும்பத்தினர். அதைக் கல்லிலேயே பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். பெயர் ரோமானியப் பெயர். பணமும் ஊரும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. தெருக்கள் வளைந்தும் ஏறியும் இறங்கியும் செல்கின்றன. ரோமானியர் புதிதாகத் திட்டமிட்ட ஊர்களில், அண்டை நாடான அல்ஜீரியாவின் திம்காதில் இருப்பதைப் போல, தெருக்கள் சதுரக் கட்டங்களாக வெட்டிக்கொள்ளும். டுக்கா அவர்கள் வருவதற்கு முன்பே இம்மண்ணின் பழைய மக்களான நுமிடியரின் ஊராக இருந்தது. ஏற்கெனவே இருந்த தெருக்களை நேராக்க எவரும் மெனக்கெடவில்லை.

சுவர்களையும் பாருங்கள். எங்கள் பொறியாளர் இங்கேயும் முதலில் நின்றுவிட்டார். ஆள் உயரக் கற்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் செங்குத்தாக நிறுத்தி, அவற்றுக்கு இடையே சிறு கற்களைக் கொண்டு அடைத்திருக்கிறார்கள். பெரிய கற்கள் பாரம் தாங்கும். இடைக்கற்கள் வெறும் அடைப்பு. இன்றைய கான்கிரீட் தூண்களும் இடையில் எழுப்பும் செங்கல் சுவரும் செய்யும் வேலைதான் இது என்றார் அவர். இம்முறை ரோமானியர் கொண்டுவந்தது அன்று. அவர்களுக்கு முன்பே பியூனிக் மக்கள் இங்கே கையாண்டது. ரோமானிய ஊர் என்று பலகை சொல்கிறது. அதைக் கட்டிய கையின் பழக்கம் வேறு ஒன்றைச் சொல்கிறது.

சரிவின் கீழே ஏறத்தாழ 21 மீட்டர் உயரத்தில் ஒரு கல்லறைக் கோபுரம் தனித்து நிற்கிறது. பொ.ஆ.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கார்த்தேஜ் விழுந்த நூற்றாண்டு. அதில் பியூனிக், நுமிடியர் பயன்படுத்திய லிபிக் ஆகிய இரண்டு எழுத்துகளில் ஒரு கல்வெட்டு இருந்தது. ஆள்பெயர்கள் இரண்டிலும் வந்ததால், லிபிக் எழுத்துகளைப் படிப்பதற்கு அது திறவுகோலானது. துனிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த தாமஸ் ரீட் 1842இல் அதை எடுப்பதற்காகக் கோபுரத்தையே பிரித்துப் போட்டார். கல்வெட்டு லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. சிதறிக் கிடந்த கற்களை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் லூயி புவான்சோ மீண்டும் அடுக்கி நிறுத்தினார். எங்கள் பேருந்து மேல்வாசலில் நின்றதால் கீழே இறங்கி ஏற முடியாதவர்கள் அதைத் தொலைவிலிருந்து மட்டும் பார்த்தார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவைப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. இந்த இடிபாடுகளுக்குள் நெடுங்காலம் மக்கள் குடியிருந்தார்கள். அகழாய்வுக்காக அவர்களைக் கீழே சமவெளியில் அமைத்த புதிய டுக்காவுக்கு மாற்றினார்கள். நுழைவுச்சீட்டு வாங்கும் நமக்கு ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய குடும்பத்தின் பெயர் தெரிகிறது. பாட்டன் காலத்தில் அங்கே அடுப்பெரித்தவர்களைப் பற்றி ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை.

18 நவம்பர் 2024

"அப்படியானால் குழுவை விட்டுத் தனியாகப் போவதே மேல் என்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். முதல் குறிப்பைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். எழுதிக்கொண்டே வரும்போது என் கருத்து சற்று மாறியிருக்கிறது.

தனியாகப் போயிருந்தால் தூண்களின் உயரத்தை நான் கவனித்திருக்க மாட்டேன். தனியாகப் போயிருந்தால் ஸகுவான் மலையிலிருந்து கார்த்தேஜுக்குத் தண்ணீர் கொண்டுவந்த, நூறு கிலோமீட்டருக்கும் நீண்ட ரோமானிய நீர்வழியின் வளைவுகளுக்கு அருகில் இறங்கியிருப்பேன். குழுவோடு போனதால் அது சன்னலில் ஓடி மறைந்தது. முன் இருக்கைக்காரர் "அதோ!" என்றபோது பின் இருக்கைக்காரர் எழுந்திருப்பதற்குள் வயல்வெளி வந்துவிட்டது. அந்த வழியைப் பின்னாளில் ஹஃப்சித் சுல்தான்கள் பழுதுபார்த்துத் துனிஸுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நிறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. ஆனால் அங்கே கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை.

குழு என்பதைவிடப் பேருந்தே சிக்கல் என்று இப்போது நினைக்கிறேன். ஓய்வு நாளில் நாங்கள் சிலர் பிரிந்து, துனிஸ் நகரிலிருந்து லா மர்சா செல்லும் புறநகர் ரயிலில் ஏறினோம். 'கார்த்தேஜ் ஹானிபல்' என்று பெயர் கொண்ட நிலையத்தில் புத்தகப் பை தூக்கிய பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். கார்த்தேஜ் இன்று வசதியானவர்கள் வாழும் ஒரு புறநகர் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முதல் நாள் பேருந்து எங்களை ஒரு வேலியிலிருந்து இன்னொரு வேலிக்கு மட்டுமே கொண்டுசென்றிருந்தது. தொலைவு ஊர்களுக்கு 'லுவாஜ்' என்ற பகிர்வு வண்டிகள் உண்டு. இருக்கைகள் நிரம்பியதும் புறப்படும், கால அட்டவணை கிடையாது. நான்கைந்து பேர் சேர்ந்தால் சிரமமே இல்லை.

20 நவம்பர் 2024

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டவருக்கு மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2015 மார்ச் 18 அன்று பார்தோ அருங்காட்சியகத்தில் தாக்குதல் நடந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுப் பயணிகள். அதே ஆண்டு ஜூன் 26 அன்று சூஸ் கடற்கரை விடுதியில் 38 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் சுற்றுலா சரிந்து கிடந்தது. நாங்கள் போனபோது காவல் கண்ணில் படும்படி இருந்தது. அச்சமாக ஒன்றும் உணரவில்லை. ஆயினும் ஒரு பயணியின் உணர்வைச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், புறப்படும் வாரத்து அரசு அறிவிப்புகளைப் பாருங்கள்.

பார்தோ நாடாளுமன்றத்தை ஒட்டிய பழைய அரண்மனைக்குள் இருக்கிறது. 2021 ஜூலையில் நாடாளுமன்றம் முடக்கப்பட்டபோது அருங்காட்சியகமும் மூடப்பட்டு, 2023 செப்டம்பரில்தான் திறந்தது. உள்ளே இறந்தவர்களின் நினைவுச் சின்னத்தைக் கடந்தால் சுவர் சுவராகத் தரைச் சித்திரங்கள். காலடியில் கிடக்க வேண்டியவை நிமிர்ந்து நிற்பதால் முதலில் கண் தடுமாறும். சூஸில் 1896இல் கிடைத்த ஒன்றில், கார்த்தேஜ் அரசி டிடோவைப் பாடிய ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இரண்டு கலைத் தேவியருக்கு நடுவே அமர்ந்திருக்கிறார். கார்த்தேஜை அழித்தவர்களின் கவிஞரை வீட்டுத் தரையில் பதித்துக்கொண்ட ஆப்பிரிக்கச் செல்வர் தம்மை யாராக எண்ணியிருப்பார் என்று எங்கள் குழுவில் இரவு உணவு வரை விவாதம் நடந்தது. தீரவில்லை.

22 நவம்பர் 2024

எல் ஜெம் அரங்கம், ரோமின் கொலோசியம் இரண்டில் எது மேல் என்ற கேள்விக்குச் சுருக்கமாக: கொலோசியம் பெரியது, எல் ஜெம் சிறியது, ஆனால் நிலத்தடி வழிகளுக்குள் நெரிசல் இல்லாமல் நடக்கலாம். 238ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. ஒரு சிற்றூருக்கு ஏன் சுமார் 35,000 பேருக்கான அரங்கம் என்றால், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை நிற்கும் ஒலிவ மரங்களே விடை, எண்ணெய்ப் பணம். ஒரு பக்கச் சுவர் உடைந்திருப்பது காலத்தால் அன்று: பதினேழாம் நூற்றாண்டில் கலகக்காரர்கள் உள்ளே அரண் கொள்ளாதபடி பீரங்கியால் உடைத்தார்கள். பிறகு ஊரார் அங்கிருந்து கல் எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

ரோமானியர் மேலே கட்டாத ஊர் ஒன்று வேண்டும் என்றால் போன் முனையிலிருக்கும் கெர்குவானை நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முதல் பியூனிக் போரின் காலத்தில் கைவிடப்பட்ட ஊர். அதன் மேல் யாரும் மறுபடி கட்டவில்லை. சுவர்கள் இடுப்பளவே நிற்கின்றன என்பதால் பயண நிறுவனங்களுக்கு ஆர்வமில்லை. வீட்டுக்கு வீடு செந்நிறச் சாந்து பூசிய, உட்கார்ந்து குளிக்கும் தொட்டிகள் இருக்கின்றன. ஒரு வீட்டின் தரையில் கார்த்தேஜியர் வணங்கிய தானித் தெய்வத்தின் குறி வெள்ளைக் கல் துண்டுகளால் பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே நாங்கள் வாடகைக் காரில் போனோம். எங்களைத் தவிரப் பூனைகளும் ஒரு காவலரும் இருந்தார்கள்.

23 நவம்பர் 2024

பணம்: துனிசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே கொண்டுசெல்லவும் அனுமதி இல்லை. சிறிது சிறிதாக மாற்றுங்கள். மாற்றிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு தினார் 1,000 மில்லிம் என்பதால் விலைச்சீட்டில் மூன்று தசம இலக்கங்கள் வரும். 4,500 என்று எழுதியிருப்பதைப் பார்த்து எங்கள் குழுவில் ஒருவர் காபியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அது நான்கரை தினார்.

26 நவம்பர் 2024

லண்டனில் இருக்கும் நண்பர், டுக்காக் கல்வெட்டைப் போய்ப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறார். காட்சியில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தில் முதலில் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். இருந்தால், இரண்டு எழுத்துகளையும் தனித்தனியே படமெடுத்து இங்கே இடுங்கள். லிபிக் எழுத்தில் வட்டங்களும் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும், எளிதில் பிரித்தறியலாம். அது எப்படிக் கோபுரத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது என்று அங்குள்ள விளக்கச்சீட்டில் ஒரு சொல்லாவது இருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதவும். பொறியாளருக்கும் அனுப்பிவைக்கிறேன், கோபுரத்தில் அது பதிந்திருந்த இடத்தின் அளவைத் தம் குறிப்பேட்டில் தோராயமாக வரைந்து வைத்திருக்கிறார்.